இறங்கத் தெரியாத கிளி

மச்சாள்,

இன்றைக்குக் காலையில் தபால் கந்தோரில் பெரிய வெட்கக்கேடாய்ப் போய்விட்டது. கடிதத்தோடு வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை எழுதுவதற்காகப் பேனையின் தலையை அமத்தினாள். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். என் இடது கை தானாக எழும்பி, தோள் மட்டத்துக்கு நீண்டு, முன்னால் நின்ற பெரியவரின் காதோரம் போய் நின்றது. "என்ன அம்மா, ஏதும் கேக்கப் போறியளோ?" என்றாள் அந்தப் பிள்ளை. கை விறைத்துப் போச்சுது என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கையை இறக்கினேன். நெஞ்சு மட்டும் இறங்க மாட்டேன் என்று அடித்துக்கொண்டே இருந்தது. இந்தக் கை எழும்பினால் அடுத்ததாக முகத்தில் காற்றடிக்க ஒன்று பறந்துவந்து அதில் குந்த வேண்டும். அல்லது வராமல் போக வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் நிற்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதைத் தபால் கந்தோர் வரைக்கும் என்னோடு அனுப்பிவைத்தவர் நீங்கள்.

கிளியைப் பழக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு என்னைப் பழக்கிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அந்தக் கிளி, பவளம், எங்களிடம் வந்த நாளை யோசித்துப் பார்க்கிறேன். பக்கத்து வளவுக்காரர் கனடாவில் மகளோடு இருக்கப் போகிறோம் என்று வீட்டைப் பூட்டிய கிழமை, கூட்டோடு கொண்டுவந்து எங்கள் விறாந்தையில் வைத்தார்கள். கழுத்தில் ஆண்கிளியின் ஆரம் இல்லாதபடியால் பெட்டைதான் என்றார்கள். "சிறகு வெட்டினது, ஒரு இடமும் போகாது. நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை" என்று அந்த வீட்டு அண்ணை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஊருக்கே தெரியும் நான் பயந்தாங்கொள்ளி என்று. எனக்கும் அந்தச் சொல் பெரிய ஆறுதலாக இருந்தது. போகாத ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

உங்கள் தம்பி போய் வராமல் விட்ட நாளிலிருந்து, அவரின் அக்கா நீங்களும் மனைவி நானும் கொக்குவிலில் அந்த ஒரே மதிலுக்குள் முப்பது வருடத்துக்குக் கிட்ட இருந்துவிட்டோம். நீங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற யன்னலுக்குப் பின்னால் வேலை பார்த்தீர்கள். நான் வீட்டில் இருந்து கதவுகளைப் பூட்டினேன். இன்றுவரை நெற்றியில் குங்குமம் வைக்கிறேன். வைக்காமல் விட எனக்குப் பயம்.

கொஞ்ச மாதத்தில் கூட்டுக்கு அடியில் வெட்டுப்பட்ட இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கிடக்கத் தொடங்கின. அந்த இடத்தில் புது இறகுகள் முளைத்து நீண்டன. ஒருநாள் பவளம் கூட்டுக்குள் நின்றபடியே சிறகடிக்க, விறாந்தையில் கிடந்த பேப்பர் எல்லாம் பறந்தன.

"மச்சாள், உது பறக்கப்போகுது. நான் கத்திரிக்கோல் எடுத்துக்கொண்டு வாறன்."

"எடுத்துக்கொண்டு வாரும், உம்மடை கொண்டையை வெட்டிவிடுறன்" என்றீர்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மருந்து எத்தனை நேரம் குடிக்க வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னீர்கள்: "முளைச்ச சிறகு முளைச்சதுதான். பழக்காமல் விட்டால் ஒருநாள் கதவு திறந்து கிடக்கேக்கை போயிடும். போனால் திரும்பி வரத் தெரியாது. போகத் தெரிஞ்சதுக்கு வரவும் பழக்கிவிட்டால் உமக்கு ஏன் பயம்?"

அதுதான் மச்சாள் எனக்குப் பயம் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் கைத்தொலைபேசியில் யார் யாரோ வெள்ளைக்காரர் கிளி பழக்குவதைப் பார்த்துக் கொப்பியில் எழுதினீர்கள். காலையில் வெறும் வயிற்றோடு பவளத்தைக் குசினித் தராசில் ஏற்றி நிறுத்தீர்கள். நிறை குறைந்தால் அன்றைக்குப் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடம் பத்து நிமிடந்தான். கதிரை முதுகில் அவளை விட்டுவிட்டு, ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கையில் வந்து குந்திய அந்தக் கணமே பேனை டிக் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அரைக் கச்சான் கடலை. முழுக் கச்சான் கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும், பிறகு என்னத்துக்கு எங்களிடம் வரப்போகிறாள் என்பது உங்கள் கணக்கு. முதல் கிழமை ஒரு முழம். பிறகு மேசை அகலம். பிறகு மண்டபத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு.

எனக்கு அந்தப் பத்து நிமிடமும் பத்து மணித்தியாலம். மின்விசிறியை நிறுத்தி, சுவரில் இருக்கிற அதன் ஆளி தானாக விழுந்துவிடும் என்று அதற்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டினேன். யன்னல் எல்லாம் பூட்டினேன். யன்னல் கண்ணாடியில் போய் மோதுவாள் என்று படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டேன். குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். பிறகு மூலைக் கதிரையில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இருந்தேன். "உதுக்குள்ளை இருந்தால் எங்களுக்கே மூச்சு வராது, கிளிக்கு எப்பிடி வரும்?" என்று சிரித்தீர்கள். உங்களுக்கு அப்போதே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது என்று நான் கவனிக்கவில்லை. கிளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு இதயம் வீங்கியிருக்கிறது என்று வைத்தியர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து நீங்கள் என்னைக் கூப்பிட்டு அந்தப் பேனையை மேசையில் வைத்தீர்கள்.

"இனி வெளிமுத்தத்துக்குப் போகவேணும். மண்டபத்துக்குள்ளை பறக்கிறது பறப்பில்லை. வெளியிலை கூப்பிடுறதுக்கு என்ரை மூச்சுக் காணாது. நான் பேனையை அமத்துறன், நீர்தான் கூப்பிட வேணும்."

"எனக்கேலாது மச்சாள்."

"நான் இல்லாத நேரத்திலை உது பறந்தால் ஆர் கூப்பிடுறது?"

நான் இல்லாத நேரம் என்று சாதாரணமாய்ச் சொல்லிவிட்டு நீங்கள் தேத்தண்ணியைக் குடித்தீர்கள். முற்றத்தில் என்னென்ன பயம் இருந்ததென்று உங்களுக்கு வரிசையாகச் சொன்னேன். பூனை, காகம், செம்பருந்து, பின்வளவுக்குப் பின்னால் போகிற ரயில். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தீர்கள். ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. பறந்து போகிற ஒன்றைப் பின்னால் நின்று கூப்பிட என்னால் முடியாது.

மண்டபத்துக்குள் அவள் எப்போதும் கூப்பிட்ட உங்களைப் பார்த்தபடிதான் பறந்து வந்தாள். நீங்கள் விடாமல் நிற்க நான் கூப்பிட்டு, முற்றத்துக் கொய்யாமரக் கொப்பிலிருந்து என் கைக்கு வந்த முதல் மூன்று நாளும் அப்படித்தான். எதிரே நின்று வா என்று கூப்பிடுவதில் ஒரு குற்றமும் இல்லை. பயத்தில் என் குரல் கீச்சிட்டாலும் அவள் வந்தாள். நீங்கள் கதிரையில் இருந்து டிக் என்று அமத்தினீர்கள். மூன்றாம் நாள் எனக்கே ஒரு சின்னச் சந்தோசம் வந்து, பயத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டது.

நாலாம் நாள் கச்சான் கொடுக்கக் குனிகிறேன், கடவையடியில் ரயில் கூவியது. என் கையில் நகம் கீறியது மட்டும் தெரியும். நிமிர்ந்து பார்க்கிறேன், அவள் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு மதிலுக்கு மேலால், மாமரத்துக்கு மேலால் ஏறிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கதிரையை விட்டு எழும்பிவிட்டீர்கள்.

"கூப்பிடும்! அவளைக் கூப்பிடும்!"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வராமல் நான்தான் பிடித்து வைத்திருந்தேன். நீங்கள் மூச்சிரைக்க இரண்டு தடவை "பவளம்" என்றீர்கள். அது கிணற்றடி வரைக்கும்கூடப் போயிருக்காது. பச்சைப் பொட்டாகி, பிறகு ஒன்றுமில்லாமல் வானம் மட்டும் இருந்தது.

உங்களைக் கைபிடித்து விறாந்தைக்குக் கொண்டுவந்து இருத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். "ஏன் கூப்பிடேல்லை?" என்று ஒரேயொரு தடவைதான் கேட்டீர்கள்.

முப்பது வருடம் மூடி வைத்திருந்ததை அந்தக் கேள்விக்கு முன்னால் என்னால் மூட முடியவில்லை. போறவையைப் பின்னாலை கூப்பிடக்கூடாது மச்சாள், என்று தொடங்கினேன். "விசர்க் கதை கதையாதையும், உது கிளி" என்றீர்கள். கிளி இல்லை என்று சொன்னேன்.

அன்றைக்கு உங்கள் தம்பி மானிப்பாயில் வேலைக்குப் போகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு மதில் படலையடிக்குப் போய்விட்டார். வானொலிப் பெட்டிக்கு மேல் அவரின் அடையாள அட்டை கிடந்தது. அந்த நாட்களில் போகிற வழியில் ஆறு சந்தியிலும் ஆமி மறித்துப் பார்க்கும், அட்டை இல்லாமல் தாண்ட முடியாது என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தேன். அவர் முதுகு தெரிகிறது. கூப்பிட வாயெடுத்தேன். பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் சரிவராது. அவரே அதற்கு எத்தனை தடவை என்னை ஏசியிருக்கிறார், கிளம்பியவர் திரும்பி வந்து கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். நல்லபடியாய்ப் போய்வர வேண்டும் என்றுதான் நான் கூப்பிடவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி, முந்திப்போய், முன்னால் நின்று கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஒரு செருப்புக் கதிரைக்குக் கீழே போயிருந்தது. நான் படலைக்கு வர அவர் ஒழுங்கை திரும்புகிற முடக்குக்குப் போய்விட்டார். அப்போதும் ஒரு சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும். அட்டை இல்லை என்று கண்டால் தானே திரும்பி வருவார் என்று வாசலில் நின்றேன்.

அட்டை கையில் இருந்திருந்தால் வந்திருப்பாரோ, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்து சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் முறைப்பாடு எழுதிய இடமெல்லாம் அட்டையைக் கொண்டுதான் போனவர் என்று சொன்னேன். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அட்டை அப்போது அலுமாரியில் என் கூறைச்சேலைக்குக் கீழே இருந்தது.

இதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் ஏசுவீர்கள் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் பரவாயில்லை. எழும்பி உங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினீர்கள். அன்று பகல் முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. சோறு கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. மாத்திரையைக் கதவடியில் வைத்தேன், அதை மட்டும் எடுத்தீர்கள். எனக்கு இருந்த பயத்தைச் சொல்லத் தெரியவில்லை. வெளியே காகங்கள் எதையோ துரத்திக் கலைத்துக் கத்துகின்றன, அது அவளாக இருக்குமோ என்று ஒரு பயம். உள்ளே உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கதவில் காதை வைத்து ஒரு பயம். நீங்களும் என்னைவிட்டுப் போனால் இந்த மதிலுக்குள் பூட்டுவதற்கு நானும் பூட்டும் மட்டுந்தான் மிஞ்சும் என்று ஒரு பயம். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, நான் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்க நீங்கள் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தீர்கள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"கேக்குதோ?"

கேட்டது. பக்கத்து வளவில், அந்தக் கனடாக்காரர் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற உயரமான பனையில் இருந்து விட்டுவிட்டு ஒரு கீச்சல். பனையின் உச்சி வட்டுக்குள் ஓலையோடு ஓலையாக ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பகலும் ஓர் இரவும் அங்கேயேதான் நின்றிருக்கிறாள்.

"அவள் போகேல்லை. இறங்கத் தெரியாமல் நிக்கிறாள்" என்றீர்கள். "பிழை என்ரை. மண்டபத்துக்குள்ளை நேராய்ப் பறக்கத்தானே பழக்கினனான். மேலை இருந்து கீழை வர ஒருநாளும் பழக்கேல்லை. பயத்திலை ஏறிட்டாள். இப்ப கீழை பாக்கத் தலை சுத்தும்."

போனது வர விருப்பமில்லாமல் நிற்கவில்லை, வரத் தெரியாமல் நிற்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அழ விடவில்லை. அந்த வீட்டைப் பூட்டிவிட்டுத் திறப்பை எங்களிடம்தானே தந்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டு மேல்மாடித் தட்டுக்குப் போகச் சொன்னீர்கள். இடையில் நின்று கூப்பிட்டால் பாதி தூரந்தான் இறங்க வேண்டியிருக்கும், பாதி தூரம் அவளால் முடியும் என்றீர்கள்.

எனக்கு உயரமும் பயம் மச்சாள். கைபிடி இல்லாத அந்தப் படியில் சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு ஏறினேன். மேலே போய்க் கையை நீட்டினால், அவள் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் பார்த்து நிற்கிறாள். ஓலை நுனிக்கு நகருகிறாள். சிறகைப் பாதி விரித்துவிட்டாள். அந்தப் பக்கமாகப் பறந்தால் பிறகு தேட இடமில்லை. முகத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்கு அங்கே ஒழுங்கையும் இல்லை, செருப்பும் இல்லை. அவளின் முதுகுதான் இருந்தது.

கூப்பிட்டேன். முதலில் பெயர் வரவில்லை. ஆ என்று ஏதோ ஒரு சத்தம், மாடு கத்தியது மாதிரி. பிறகு "பவளம்!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது. திரும்பவும் கத்தினேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. நாலு வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னீர்கள். அவள் கழுத்தை மட்டும் திருப்பினாள். ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். ஓலையை விட்டு, ஒரு வட்டம் அடித்து, வந்த வேகத்தில் கையைத் தவறவிட்டு என் தலையில் விழுந்தாள். நகமெல்லாம் தலைத்தோலில் இறங்கியது. அவள் நெஞ்சு அடிப்பது என் மண்டைக்குள் கேட்டது. அவளுக்கும் என்னளவு பயம்.

கீழே இருந்து பேனைச் சத்தம் கேட்டதா என்று தெரியாது. இறங்கி வந்தபோது நீங்கள் அதை அமத்திக்கொண்டே இருந்தீர்கள், நிறுத்தாமல். "உந்தச் சத்தம் உமக்குள்ளை எங்கையப்பா கிடந்தது?" என்றீர்கள். பிறகு குரல் மாறி, "அட்டையைக் கொண்டுவாரும்" என்றீர்கள்.

கொண்டுவந்து தந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தீர்கள். "உவன் இதிலை எவ்வளவு சின்னப் பெடியன்" என்றீர்கள். மன்னித்தேன் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டீர்கள். அட்டை உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் கடைசி வரைக்கும் இருந்தது.

பிறகு கொய்யா மர உச்சியிலிருந்து கீழே வருவதற்கு அவளை ஒரு மாதம் பழக்கினோம். நீங்கள் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான் கூப்பிட்டேன். இப்போது அவள் மாமரத்துக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறாள். ஒவ்வொரு காலையும் என் கையை விட்டுக் கிளம்புகிறபோது பிள்ளையாரைக் கூப்பிடுகிறேன். மதிலைத் தாண்டினால் அவள் திரும்பும்வரை எண்ணுகிறேன். பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு பருந்து வரலாம். நாளைக்கு அவளே வராமல் விடலாம்.

நீங்கள் போனது ஒரு வெள்ளிக்கிழமை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் முறைப்படி செய்தார்கள். உங்கள் ஒன்றுவிட்ட தம்பி கொள்ளிச்சட்டி தூக்கினார். பெட்டியை எடுத்தபோது பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம், சுடலைக்கு நாங்கள் போவதில்லையே. பறைச் சத்தத்தோடு பெட்டி ஒழுங்கையில் இறங்கி, முடக்கை நோக்கிப் போகத் தொடங்கியது. எனக்கு ஒரு பயம் வந்தது. இனி ஒருவரும் இல்லை என்கிற பயம்.

"மச்சாள்!" என்று கூப்பிட்டேன்.

அழுதுகொண்டு நின்ற பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர் கால் தடுமாறித் திரும்பிப் பார்த்தார். "எடியே, உனக்கென்ன விசரோ? பிரேதத்தைப் பின்னாலை கூப்பிடுறாய்!" என்று சின்னமாமி என் வாயைப் பொத்தினார். கையைத் தட்டிவிட்டுத் திரும்பவும் கூப்பிட்டேன். முடக்கில் பெட்டி மறையும் வரைக்கும், மறைந்த பிறகும், பனை வட்டுக்குக் கேட்கிற அந்தச் சத்தத்தில் கூப்பிட்டேன். கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

துக்கத்தில் செய்ததென்று பிறகு ஊரார் விட்டுவிட்டார்கள். துக்கம் இல்லை மச்சாள், பயம். பயத்தில்தான் அன்றைக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டேன், பயத்தில்தான் உங்களைக் கூப்பிட்டேன். அது என்னைவிட்டு இனிப் போகாது. வாய் மட்டும் இப்போது திறக்கிறது.